மன்ரேசாக் குகையும் ஞான ஒடுக்கமும்

ஊரின் ஆரவாரத்தை விட்டகன்று, மலையிலும் வனத்திலும் ஆற்றங்கரையிலும் தனித்திருந்து இறைவனை நாடுதல் கத்தோலிக்க திருச்சபையில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். யேசுபிரான் நாற்பது நாள் வனாந்தரத்தில் நோன்பிருந்தமையும், வைகறையில் தனியிடம் சென்று செபித்தமையும் இதற்கு மூலமாயின. மூன்றாம் நூற்றாண்டில் அந்தோனியார் எகிப்தியப் பாலையைப் புகலிடமாகக் கொண்டார். பின்னர் ஆசீர்வாதப்பர் உரோமைக் கல்வியைத் துறந்து, சுபியாக்கோ மலைக்குகையில் மூன்றாண்டு வாழ்ந்தார். அசீசிப் பிரான்சிஸ்கு முனிவர் 1224ஆம் ஆண்டில் லவேர்ணா மலையில் தவமிருந்தார். எனினும், இத்தனிமையை முறைப்பட்ட பயிற்சியாக வகுத்துப் பிறர்க்கும் உதவச் செய்த பெருமை லொயோலா இஞ்ஞாசியார்க்கே சிறப்பாக உரியது.

போர்வீரராகிய இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டினாற் கால் முறிந்து வீழ்ந்தார். நோய்ப்படுக்கையிற் படித்த கிறிஸ்துநாதர் சரிதையும் புனிதர் வரலாறுகளும் அவர் உள்ளத்தை மாற்றின. 1522 மார்ச்சு மாதத்தில் மொன்செராற் மலையிலுள்ள தேவமாதாவின் திருத்தலத்தில் தம் வாளை நீக்கிவிட்டு, அண்மையிலிருந்த மன்ரேசா நகரை அடைந்தார். அங்கே ஏறக்குறைய பத்து மாதம் இரந்துண்டு, கார்டொனேர் ஆற்றின் மேலுள்ள குகையிற் செபித்துவந்தார்.

தனிமை அவருக்கு உடனே அமைதியைத் தந்துவிடவில்லை. பழம்பாவங்களைப் பற்றிய ஐயம் ஓயாது வருத்தியது. உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. ஒரு வாரம் உண்ணாதிருந்தார். பாவசங்கீர்த்தனங் கேட்ட குருவானவர் உண்ணுமாறு பணித்தபோது, அதற்குக் கீழ்ப்படிந்தார். அத்துன்பம் நீங்கிய பின்னர் ஒரு நாள், ஆற்றை நோக்கி அமர்ந்திருந்த வேளையில் அவர் அறிவு பெரிதும் தெளிவுற்றது. வாழ்நாளில் தாம் பெற்ற உதவிகள் யாவும் ஒன்றுசேரினும் அத்தெளிவுக்கு ஈடாகா என்று முதுமையில் அவர் கூறினார்.

இவ்வனுபவத்தில் விளைந்த ‘ஞானப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகாரமளித்தார். அதன் முழுப் பயிற்சி ஏறக்குறைய முப்பது நாள், நான்கு வாரங்களாக அமைந்தது. பாவங்களைச் சிந்திக்கும் முதல் வாரத்தில் அறையின் ஒளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உயிர்த்தெழுதலைச் சிந்திக்கும் நான்காம் வாரத்தில் ஒளியையும், கோடையின் குளிர்ச்சியையும், மாரியின் இளவெயிலையும் துய்க்கலாம். இயற்கை இங்கே பொழுதுபோக்கன்று. ஆன்மாவைப் பண்படுத்துங் கருவியாகும். ஆயினும் கருவி மட்டும் போதாது. வழிகாட்டியும் வேண்டும் என்பதை மன்ரேசா உணர்த்தியது. வீட்டையும் நண்பரையும் விட்டுத் தனித்திருத்தல் மிகுந்த பயன் தருமென்ற அந்நூல், அலுவல் மிக்கோர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி ஒதுக்கிப் பயிலவும் வழிவகுத்தது.

பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1922இல் இஞ்ஞாசியாரை ஞான ஒடுக்கங்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1929இல் அவற்றை வலியுறுத்திச் சுற்றுமடலும் விடுத்தார்.

ஒடுக்கத்தின் பயன் குகையோடு முடிவதன்று. இஞ்ஞாசியார் 1523இல் மன்ரேசாவை விட்டு யெருசலேமுக்கு யாத்திரை சென்றார். மீண்டு வந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில், பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் பயிலத் தொடங்கினார். குகையிற் பெற்ற தெளிவு, பிறர்க்குப் பயன்படுமாறு கற்க வேண்டுமென்னும் பணிவாக அங்கே கனிந்தது.