பாசிமணி மாலை: எஸ்.டி. அந்தஸ்து வந்தாச்சு, கடை போட இடம்?

கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் துணி விரித்து பாசிமணி விற்கும் நரிக்குறவர்களின் பழைய தொழில் வேட்டை. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றமாகிவிட, மணிமாலைதான் பிழைப்பு என்றானது.

மாலை எப்படித் தயாராகுது? கண்ணாடி மணி, பிளாஸ்டிக் மணி என்றால் நைலான் நூலில் கோத்து முடிச்சு போட்டால் வேலை முடிஞ்சது. ருத்ராட்சம், ஸ்படிகம் அப்படி இல்லை. ஒவ்வொரு மணியிலும் மெல்லிய கம்பியை நுழைத்து, இரு முனையையும் குறடால் வளையமாகச் சுருட்டி, அடுத்த மணியோடு மாட்டணும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்ற மணிகள் கொட்டாது. அதை மட்டும் மாற்றினால் போதும். குறடும் கம்பிச் சுருளும்தான் மொத்தப் பட்டறையே.

மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. படிப்புக்கும் அரசு வேலைக்கும் இது பெரிய உதவி. பிளாட்பாரத்தில் உட்கார உதவாது.

அதற்கு இருப்பது 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து, நடமாடும் வியாபாரிக்கும் விற்பனைச் சான்றிதழ் தரணும். ஆனால், கணக்கெடுப்பது அந்தந்த உள்ளாட்சி. மாசித் திருவிழாவுக்கு திருவொற்றியூர், கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலை என்று நகர்பவர், கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாவிட்டால் பெயர் விடுபட்டுப் போகும்.