மரச்சீனிக் கிழங்கும் ஒரு வயிற்று வலியும்

மரவள்ளியை மரச்சீனி என்றும் கப்பை என்றும் சொல்லி, திருவனந்தபுரத்துத் தமிழன்பர்களாகிய நமக்கும் பழகிவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்த கிழங்கு இது. திருவிதாங்கூரில் இதைப் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அந்தப் பஞ்சத்தில் ஏழை வயிற்றைக் காத்தது எங்கள் வியாபாரி வர்க்கம் அல்ல, இந்தக் கிழங்குதான்.

அதன் தலையில்தான் பிற்பாடு ஒரு பெரும் பழி விழுந்தது. சிறு வயதிலேயே விட்டுவிட்டு வரும் கடும் வயிற்று வலி, எக்ஸ்ரேயில் கணையத்துக்குள் கற்கள், வாலிபத்தில் நீரிழிவு, பிறகு அற்பாயுசு. மது தொடாத ஏழைகளுக்கும் இது வந்தது. இந்தோனேசியாவில் ஊட்டமற்ற நோயாளிகளிடம் கண்டதை சுய்டேமா என்ற மருத்துவர் 1959-இல் எழுதினார். கேரளத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஆராய்ந்த டாக்டர் பி.ஜெ. கீவர்கீஸ் 1968-இல் இதற்கென ஒரு நூலே வெளியிட்டார்.

ஏன் கிழங்கைச் சந்தேகித்தார்கள்? மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் உண்டு. அதிலிருந்து சயனைடு பிறக்கும். அந்த நஞ்சை முறிக்க, புரதத்தில் உள்ள கந்தகச் சத்து உடம்புக்கு வேண்டும். மீனோ பருப்போ இல்லாமல் வெறும் கிழங்கையே தின்பவனுக்கு அது ஏது? வாதம் நியாயமாகத்தான் தோன்றுகிறது. நம் அண்டை வீட்டு அம்மாமார் தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவது இந்த நஞ்சைப் போக்கும் கைப்பக்குவம்.

ஆனால் கணக்கு முழுதும் ஒத்துவரவில்லை. கிழங்கே பிரதான உணவாக உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் இந்நோய் அரிது. கிழங்கு தின்னாத நோயாளிகளோ நம் நாட்டிலேயே உண்டு. மண்ணுக்கடியில் விளைவதை உண்ணலாகாது என்பது எங்கள் சமண ஆசாரம். சாலைக் கடைத்தெருவில் "நயினாருக்குக் கவலை இல்லை" என்று கேலி பேசுவார்கள். கிழங்கைத் தொடாத நானே சொல்கிறேன்: ஏழையின் சோற்றைக் குற்றவாளி ஆக்கியது அவசரத் தீர்ப்பு.

ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் கணைய அழற்சிக்கும் உள்ள தொடர்பு 2000-இல் வெளிவந்தது. 2002-இல் இந்திய நோயாளிகள் பலரிடமும் அதைக் கண்டார்கள். செரிமான நீர் கணையத்தையே அரிக்காமல் தடுக்கும் காவலுக்கு உரிய மரபணு அது. காவல் தளர்ந்தவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நோய் வந்தவர் எல்லாரிடமும் அந்த மாற்றம் இருப்பதுமில்லை. பல காரணங்கள் சேர்ந்தே வினை விளைகிறது. கணையத்துக்கு மதுவும் புகையும் பகை என்பதில் மட்டும் மருத்துவருக்குள் சண்டையே இல்லை.

பிள்ளைகளுக்கு மேல்வயிற்றில் வலி வந்து வந்து போகிறதா, முதுகுக்குப் பாய்கிறதா, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணிகிறதா, மலம் எண்ணெய்ப் பசையாய்ப் போய் உடம்பு இளைக்கிறதா? வாயு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்து நாள் கடத்தாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். செரிமான மாத்திரையும் இன்சுலினும் இருப்பதால், முன்பு இளமையிலேயே போனவர்களைப் போன்றவர்கள் இன்று பேரன் பேத்தி பார்க்கிறார்கள்.