சான் இக்னாசியோ காயலில் 16 படகுகள்

திமிங்கிலம் காணும் சுற்றுலாவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து தொடங்குவர். 1955இல் அங்கே ஆளுக்கு ஒரு டாலர் கட்டணத்தில் படகுப் பயணம் தொடங்கிற்று. ஆனால் அச்சுற்றுலாவைக் கட்டுப்படுத்தும் விதிகளின் வரலாற்றை அறிய, அதே சாம்பல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் கன்று ஈனச் சென்று சேரும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் காயல்களை நோக்க வேண்டும்.

1857ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சார்லஸ் ஸ்காமன் என்னும் அமெரிக்க வேட்டைக் கப்பல் தலைவர் ஓஹோ தெ லியெப்ரே காயலுக்குள் நுழைந்தார். குறுகிய வாய், ஆழம் குறைந்த நீர், கன்றை விட்டு அகலாத தாய்: வேட்டைக்கு இதனினும் வசதியான களம் இல்லை. கன்றைக் காக்கப் படகுகளை மோதி உடைத்த தாய்களை வேட்டைக்காரர்கள் ‘பேய்மீன்’ என்றனர். (பேய்த்தனம் யாருடையது என்பது வேறு கேள்வி.) இருபது ஆண்டுகளுக்குள் காயல் வேட்டை இலாபமற்றுப் போயிற்று. அவ்வினம் அழிந்துவிடுமோ என்ற ஐயத்தை 1874இல் வெளியான தம் நூலில் ஸ்காமனே எழுப்பினார்.

1937ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை இவ்வேட்டையைத் தடைசெய்தது. ஆயினும் சான் இக்னாசியோ மீனவரிடையே பழைய அச்சம் நீடித்தது. 1972இல் பிரான்சிஸ்கோ மயோரல் என்னும் மீனவர் தம் படகை நெருங்கிய திமிங்கிலத்தைக் கையால் தொட்டார். அதன்பின் அங்கே வளர்ந்த சுற்றுலா, விதி வகுப்போருக்கு ஒரு விந்தையான சிக்கலைத் தந்தது. பிற கடல்களில் வழங்கும் விதிகள் ‘இத்தனை மீட்டருக்குள் நெருங்காதே’ என்கின்றன. மனிதர் அணுகுவர், விலங்கு விலகும் என்பது அவற்றின் அனுமானம். விலங்கே வந்து படகில் உரசும் இடத்தில் அவ்விதி எதை அளக்கும்?

1979இல் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இக்காயலில் கண்டறிந்த விடை எளியது. காட்சிப் பகுதி காயலின் வாயையொட்டி மட்டுமே. உட்பகுதி தாய்க்கும் கன்றுக்கும் உரியது. ஒரே நேரத்தில் 16 படகுகளுக்கு மேல் கூடாது. ஒரு படகுக்கு 90 நிமிடம். படகோட்டிகள் உள்ளூரார். தொலைவைவிட எண்ணிக்கையை எண்ணிக் கண்காணிப்பது எளிது. அவ்விதியின் வலிமை அதில்தான் உள்ளதென்பது என் கருத்து. 2000இல் மிட்சுபிஷி பங்கேற்ற உப்பளத் திட்டம் கைவிடப்பட்டபோது, காக்கத்தக்க ஒரு வாழ்வாதாரமும் அக்கரையில் இருந்தது.

எனினும் இவ்விதிகள் மீட்சிக் காலத்தில் உருவானவை. 2016இல் ஏறத்தாழ 27,000 ஆக இருந்த கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கிலங்கள் 2023இல் ஏறத்தாழ 14,500 ஆகக் குறைந்தன. வட கடல்களில் இரை குன்றியதே முதன்மைக் காரணம் என்கின்றனர் ஆய்வாளர். அதைப் படகு விதி தீர்க்காது. ஆனால் காயலில் தாய் ஏறக்குறைய உண்ணாமலேயே பாலூட்டுகிறது. மெலிந்து வரும் தாய்க்கு ஒவ்வோர் இடையூறும் சேமித்த கொழுப்பிலிருந்து கழியும் செலவு. கொழுத்த தாய்களின் காலத்தில் வகுத்த அந்த 16, இன்றைய மெலிந்த தாய்களுக்கும் பொருந்துமா என்பதை இனி மெக்சிகோ அரசும் அப்படகோட்டிகளும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.