பிக்கிள்ஸ் துப்புத் துலக்கிய கதை

தெற்கு லண்டனில் பியூலா ஹில் என்றொரு சாலை. 1966 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை மாலை. தேம்ஸ் ஆற்றுச் சரக்குப் படகில் வேலை பார்த்த 26 வயது இளைஞர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வந்தார். கூடவே அவருடைய நாய் பிக்கிள்ஸ், கறுப்பும் வெள்ளையுமான கோலி. பெயருக்கு ஊறுகாய் என்று பொருள்!

வாசலைத் தாண்டியதும் நாய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. வேலிச் செடிக்கு அடியில் எதையோ விடாமல் மோப்பம் பிடித்தது. குனிந்து பார்த்தால், செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொட்டலம். வெடிகுண்டாக இருக்குமோ என்று இளைஞருக்குப் பயம். எடுத்தார், கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். அடிப்பக்கத் தாளைக் கொஞ்சம் கிழித்தார். பிரேசில், ஜெர்மனி, உருகுவே என்ற பெயர்கள் தெரிந்தன. மறுமுனையைக் கிழித்தபோது, தலைக்கு மேல் கிண்ணம் ஏந்திய ஒரு பெண்ணின் உருவம்.

அது உலகக் கால்பந்துக் கோப்பை!

சரியாக ஒரு வாரத்துக்கு முன்புதான் அது களவு போயிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த தபால்தலைக் கண்காட்சியில், காவலாளிகள் இருந்தும், கண்ணாடிப் பேழையைத் திறந்து யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். அதைவிடப் பல மடங்கு விலைமதிப்புள்ள தபால்தலைகளைத் திருடன் தொடவே இல்லை. பிறகு 15,000 பவுண்டு கேட்டு மிரட்டல் வந்தது. போலீஸ் பொறி வைத்து ஒருவரைப் பிடித்தது. கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. ஜூலையில் இங்கிலாந்தில்தான் போட்டி தொடங்க வேண்டும். இங்கிலாந்துக்கு எவ்வளவு தலைகுனிவாக இருந்திருக்கும்!

இந்தக் கோப்பைக்கு ஒளிந்திருப்பது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, படைகளின் கையில் சிக்காமலிருக்க, இத்தாலியக் கால்பந்து நிர்வாகி ஒட்டோரினோ பராஸி இதைச் செருப்புப் பெட்டியில் போட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்.

இளைஞர் கோப்பையைக் காவல்நிலையத்துக்குக் கொண்டு போனார். பாராட்டு உடனே கிடைக்கவில்லை. திருடியவர் அவர்தானோ என்று துருவித் துருவி விசாரித்தார்கள். சந்தேகம் தீர்ந்த பிறகே பரிசுப் பணம் வந்தது. அதில் அவர் ஒரு வீடு வாங்கினார். பிக்கிள்ஸுக்கு வெள்ளிப் பதக்கம், ஓராண்டுக்கான உணவு, ஒரு திரைப்படத்தில் வேடம். ஜூலை 30 அன்று மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்ற இங்கிலாந்து அணியின் விருந்துக்கும் அதற்கு அழைப்பு; தட்டுகளை நக்கித் தீர்க்க முழு அனுமதி.

போலீஸ் பயிற்சி எதுவும் இல்லாத வீட்டு நாய் அது. வித்தியாசமாக ஏதோ இருந்தது, நின்று மோந்து பார்த்தது, அவ்வளவுதான். கற்பனைத் துப்பறியும் விலங்குகளைப் படித்து மகிழும் பிள்ளைகளுக்கு இந்த நிஜக் கதையையும் அவசியம் சொல்ல வேண்டும்.

மறு ஆண்டே, ஒரு பூனையைத் துரத்திய ஓட்டத்தில் சங்கிலி சிக்கி பிக்கிள்ஸ் இறந்துபோனது. 1970இல் பிரேசிலுக்கே நிரந்தரமாகச் சொந்தமான அந்தக் கோப்பை 1983இல் ரியோ டி ஜெனிரோவில் மறுபடியும் திருடுபோனது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பிக்கிள்ஸின் கழுத்துப்பட்டை மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.