குறுங்கால உளச்சிகிச்சையும் தனியார் சிகிச்சையாளரின் வரவு செலவும்

குறுங்கால உளச்சிகிச்சை என்பது, மனத் துயரோடு வருபவரை ஆண்டுக்கணக்கில் வரவழைக்காமல், சில அமர்வுகளுக்குள் அவரது சிக்கலைத் தீர்த்தோ தணித்தோ அனுப்பிவைக்கும் முறையாகும். ஓர் அமர்வு பொதுவாக 50 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம். எத்தனை அமர்வு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் 6 என்பர், சிலர் 10 என்பர், 20 வரை போகலாம் என்போரும் உண்டு.

இம்முறையின் கோட்பாடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் பணக் கணக்கைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சிகிச்சையாளர் ஒருவர், வந்தவரை விரைவில் குணமாக்கினால் தம் வருவாயைத் தாமே வெட்டிக்கொள்கிறார். வீட்டில் டியூஷன் எடுத்த ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பையனுக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டால் அடுத்த மாதம் அவன் வரமாட்டான். அந்த இடத்துக்கு இன்னொரு பையனைத் தேட வேண்டும். உளச்சிகிச்சைத் துறை இந்த முரணோடு நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவருகிறது.

மணி நேரத்தை விற்ற பிராய்டு

உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டின் தொடக்ககாலச் சிகிச்சைகள் சில மிகக் குறுகியவை. 1895இல் யோசெப் பிராயருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில், மலையேறச் சென்ற இடத்தில் விடுதியில் சந்தித்த ஓர் இளம்பெண்ணோடு ஒரே ஒருமுறை பேசியதை அவர் பதிவு செய்துள்ளார். 1906இல் இசை நடத்துநர் புரூனோ வால்ட்டர் வலக்கை வலியோடு வந்தபோது, சிசிலித் தீவுக்குப் போய் வரச் சொல்லிவிட்டுச் சில சந்திப்புகளில் முடித்தார்.

இவற்றுள் புகழ்பெற்றது இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் கதை. 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருவரும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்துகொண்டே பேசினர். அவ்வளவுதான் சிகிச்சை. மறு ஆண்டு மே மாதம் மாலர் இறந்தார். அதன்பின் பிராய்டு, மாலரின் சொத்தை நிர்வகித்தவருக்கு 300 குரோனனுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பிப் பணத்தையும் பெற்றுக்கொண்டார். இறந்தவர் வீட்டுக்கு இப்படிச் சீட்டு அனுப்பலாமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரே சந்திப்பில் முடியும் சிகிச்சைக்குத் தனியாக, முழுமையாகக் கட்டணம் உண்டு என்று அவர் கருதியதற்கு இது சான்று.

1913இல் வெளிவந்த கட்டுரையில் பிராய்டு கட்டணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதினார். நோயாளிக்குக் குறிப்பிட்ட மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மணிக்குப் பணம் தர வேண்டும். இசை ஆசிரியரும் மொழி ஆசிரியரும் இப்படித்தானே வாங்குகிறார்கள் என்பது அவர் வாதம். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நாள்தோறும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இலவசமாகச் சிகிச்சை அளித்துப் பார்த்ததாகவும், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்றும் அதே கட்டுரையில் கூறுகிறார். ஒரே ஒருவருக்கு இலவசம் என்றாலும், உழைக்கும் நேரத்தில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ பல மாதங்களுக்குப் போய்விடுகிறது என்பது அவர் போட்ட கணக்கு. சிகிச்சை நீள நீள ஒரு நோயாளியின் இடம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இதில் காணலாம்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரிய நாணயம் மதிப்பிழந்தது. பிராய்டு மணிக்கு 10 டாலர் தரும் அமெரிக்கர்களை ஏற்றார். அவர்களுள் ஒருவரான ஆப்ரம் கார்டினரின் நினைவுக் குறிப்பில் சுவையான செய்தி ஒன்று உள்ளது. 1921இல் பிராய்டிடம் இருந்தது வாரத்துக்கு 30 மணி நேரம். ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறு பேருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். மகள் அன்னா ஆறைந்து முப்பதும் ஐயாறு முப்பதும் ஒன்றே என்று கணக்கிட்டுச் சொல்ல, ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்று குறைக்கப்பட்டதாம். வாரத்துக்கு எத்தனை அமர்வு என்பதை அங்கே கோட்பாடு தீர்மானிக்கவில்லை, வாய்பாடு தீர்மானித்தது.

1920இல் பெர்லினில் ஏழைகளுக்கான உளப்பகுப்பாய்வு மருந்தகம் திறக்கப்பட்டது. அவரவர் இயன்றதைக் கொடுத்தனர். மாக்ஸ் ஐட்டிங்கோன் தம் குடும்பச் செல்வத்திலிருந்து அதைத் தாங்கினார்.

சுருக்கும் முயற்சிகள்

சாந்தோர் பெரென்சியும் ஓட்டோ ராங்கும் 1924இல் வெளியிட்ட நூல், நீண்டுகொண்டே போகும் பகுப்பாய்வைக் கேள்விக்கு உட்படுத்தியது. சிகாகோவில் பிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் பிரெஞ்சும் 1946இல் வெளியிட்ட நூலில், அமர்வுகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் நோயாளிக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம் என்றனர். மரபுவழிப் பகுப்பாய்வாளர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்புக்குக் கோட்பாட்டுக் காரணங்கள் சொல்லப்பட்டன. வருவாய்க் காரணம் ஏதும் இருந்திருக்காது என்று நம்புவதற்கு மிகுந்த வெள்ளை உள்ளம் வேண்டும். இங்கிலாந்தில் டேவிட் மாலன் 1963இல் குறுங்காலச் சிகிச்சை பற்றி எழுதினார். அவர் பணியாற்றிய டாவிஸ்டாக் மருந்தகம் அரசு மருத்துவச் சேவையில் இருந்ததால், அங்கே சிக்கல் கட்டணம் அன்று, காத்திருப்போர் பட்டியல்.

பாலோ ஆல்டோவின் பத்து அமர்வுகள்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் டான் ஜாக்சன் 1958இல் மனநல ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குள் 1960களின் நடுவில் ரிச்சர்ட் பிஷ் தலைமையில் குறுங்காலச் சிகிச்சை மையம் உருவானது. வேதிப் பொறியியல் படித்துவிட்டு மானிடவியலுக்கு வந்த ஜான் வீக்லாண்டும், ஆஸ்திரியாவில் பிறந்த பால் வாட்ஸ்லாவிக்கும் உடன் இருந்தனர். ஒருவருக்கு அதிகம் போனால் 10 அமர்வுகள் என்பது விதி. ஒருவர் அறைக்குள் பேசுவார். மற்றவர்கள் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துத் தொலைபேசியில் ஆலோசனை சொல்வர். பத்துக்கு முன்பே முடிந்தால், மீதி அமர்வுகள் வங்கியில் போட்ட பணம் போல நோயாளியின் கணக்கில் இருக்கும். பின்னர் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

1974இல் இக்குழு தன் முடிவுகளை வெளியிட்டது. 97 பேரைச் சிகிச்சை செய்ததில் சராசரி 7 அமர்வுகள். ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு முழு வெற்றி, 32 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், 28 விழுக்காட்டினருக்குத் தோல்வி. தோல்வியையும் அச்சிட்ட நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் ஒரு குடும்பத்துக்காக நாலைந்து வல்லுநர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் முறையை நோயாளி தரும் கட்டணம் தாங்காது. அறக்கட்டளைகளின் நல்கையும் பயிற்சி வகுப்புகளும் நூல்களும்தாம் அதைத் தாங்கின. தனி அறை எடுத்து, வாடகை கொடுத்து, ஒருவராகத் தொழில் செய்பவருக்கு இந்த வசதிகள் இல்லை.

அவருடைய நிலையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. வாரத்துக்குக் கட்டணம் வரும் மணிகள் 25 என்றும், ஆண்டுக்கு 48 வாரம் வேலை என்றும் கொண்டால், ஆண்டுக்கு 1,200 மணிகள். ஒருவர் சராசரியாக 40 அமர்வுகள் வந்தால், ஆண்டுக்கு 30 புதியவர்கள் போதும். 6 அமர்வுகளில் முடித்தால் 200 புதியவர்கள் வேண்டும். அதாவது வாரந்தோறும் நான்கு பேர் புதிதாகக் கதவைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு புதியவருக்கும் முதல் தொலைபேசிப் பேச்சு, விவரக் குறிப்பு, அனுப்பிய மருத்துவருக்குக் கடிதம் என்று இரண்டு மணி நேரம் கூலியில்லாமல் போகும் என்று வையுங்கள். முதல்வருக்கு ஆண்டுக்கு 60 மணி இழப்பு. இரண்டாமவருக்கு 400 மணி. தவிர, நீண்டகாலச் சிகிச்சையாளரின் செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்பது இரண்டு ஆண்டுகளுக்கு நிரம்பியிருக்கும். மற்றவரின் நாட்குறிப்பில் வாரந்தோறும் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த மணிக்கும் வாடகை உண்டு.

இதற்கு மறுபக்கமும் உள்ளது. ஆண்டுக்கு 30 பேரைப் பார்த்தவரைப் பற்றி ஊரில் பேச 30 பேர் இருப்பர். 200 பேரைப் பார்த்தவரைப் பற்றிப் பேச 200 பேர். குறுங்காலச் சிகிச்சையாளர்கள் பலர் தம் தொழிலை நிறுத்திக்கொண்டது இந்த வாய்வழிப் பரிந்துரையாலும், குடும்ப மருத்துவர், பள்ளி, நீதிமன்றம், தொழிற்சாலை ஆகியவற்றோடு வைத்திருந்த தொடர்பாலும்தான்.

மில்வாக்கி

வீக்லாண்டிடம் பழகிய இருவர், கொரியாவில் பிறந்த இன்சூ கிம் பெர்க்கும் அவர் கணவர் ஸ்டீவ் டி ஷேசரும், 1978இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் குறுங்காலக் குடும்பச் சிகிச்சை மையத்தைச் சகாக்களுடன் தொடங்கினர். டி ஷேசர் சாக்சபோன் வாசித்தவர். சிக்கல் எப்படி உண்டானது என்று தோண்டாமல், சிக்கல் இல்லாத நேரங்களில் என்ன நடக்கிறது என்று கேட்பது இவர்கள் வழி. இன்றிரவு நீங்கள் தூங்கும்போது அற்புதம் நிகழ்ந்து சிக்கல் மறைந்துவிட்டால், காலையில் எதைக் கண்டு அதை அறிவீர்கள் என்னும் கேள்வி இவர்களால் உலகெங்கும் பரவியது.

1986இல் வெளிவந்த இவர்களது கட்டுரையின்படி, 1978 முதல் 1983 வரை 1,600 பேர்வழக்குகள். சராசரி 6 அமர்வுகள். ஆண்டுக்கு இருநூற்றைம்பதுக்கு மேல் புதிய வழக்குகள் வந்துகொண்டிருந்தால்தான் இந்த எண் சாத்தியம். மேலே போட்ட கணக்கு வெறும் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும். இந்த மையமும் சிகிச்சைக் கட்டணத்தை மட்டும் நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வருவோர், பயிலரங்குகள், நூல்கள், ஒளிப்பதிவுகள் என்று பல கால்களில் நின்றது. டி ஷேசரும் பெர்க்கும் ஆண்டின் பெரும்பகுதியைப் பயணத்தில் கழித்தனர். லண்டனில் 1989இல் மூவர் தொடங்கிய குறுங்காலச் சிகிச்சை அமைப்பும் பயிற்சி வகுப்புகளைத் தன் முதுகெலும்பாகக் கொண்டது. குறுங்காலச் சிகிச்சை செய்து பிழைத்தவர்களைவிட, அதைக் கற்பித்துப் பிழைத்தவர்களே அதிகம் அறியப்பட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

காப்பீட்டார் கையில்

1973இல் அமெரிக்கா நலப் பராமரிப்பு அமைப்புகளுக்கான சட்டத்தை இயற்றியது. உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டிய அடிப்படைச் சேவைகளுள், 20 வருகைகளுக்கு மேற்படாத குறுங்கால மனநலச் சேவையும் சேர்க்கப்பட்டது. எண் சட்டத்தில் ஏறியது.

இதற்கு முன்பே சான்பிரான்சிஸ்கோ கைசர் பெர்மனெண்டே மருத்துவ அமைப்பில் பணியாற்றிய நிக்கோலஸ் கம்மிங்ஸ், வில்லியம் பாலெட்டுடன் சேர்ந்து 1967இல் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். உளச்சிகிச்சை பெற்றவர்கள் பின்வந்த ஆண்டுகளில் மற்ற மருத்துவச் சேவைகளை நாடுவது குறைந்தது என்பது அதன் முடிவு. மனத்துக்குச் செய்யும் செலவு உடலுக்கான செலவில் மீண்டுவிடும் என்றால், காப்பீடு நடத்துவோர் தாமே முன்வந்து பணம் தருவார்களே! கம்மிங்ஸ் 1985இல் அமெரிக்கன் பயோடைன் என்னும் நிறுவனத்தையே தொடங்கினார். தனியார் சிகிச்சையாளர்கள் மாறாவிட்டால் தொழில் அவர்கள் கையை விட்டுப் போகும் என்று 1986இல் எச்சரித்தும் எழுதினார்.

நடந்தது அவர் விரும்பியதைவிடக் கசப்பானது. 1990களில் காப்பீட்டு நிறுவனங்கள் அமர்வுகளுக்கு முன் அனுமதி கேட்டன. அமர்வுக் கட்டணத்தைக் குறைத்தன. சில அமர்வுகளுக்கு ஒருமுறை அறிக்கை எழுதச் சொன்னன. எண்ணிக்கையும் குறைந்து, ஒவ்வொன்றின் விலையும் குறைந்து, கூலியில்லாத எழுத்து வேலையும் கூடினால் தனியாள் எப்படித் தாங்குவார்? நோயாளியின் நன்மைக்காகப் பாலோ ஆல்டோவில் பிறந்த சுருக்கம், கணக்கர் கையில் பங்கீட்டு அட்டையாக மாறியது. தீவிர நோய் உள்ளவர்களுக்கும் அதே அட்டை நீட்டப்பட்டதுதான் பெரிய கொடுமை. சிகிச்சையாளர்களுள் ஒரு பகுதியினர் காப்பீட்டை விட்டு விலகி, நேரடியாகப் பணம் தருவோரை மட்டும் பார்த்தனர். அதனால் வசதியற்றவர்கள் வெளியே நின்றனர். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்து வாங்கும் வழக்கம் இந்த இடைவெளியை ஓரளவே நிரப்பியது.

குடும்ப மருத்துவர் போல

கம்மிங்ஸ் முன்வைத்த மற்றொரு கருத்து தனியார் தொழிலுக்கு நேரடியாகப் பயன்பட்டது. சிகிச்சை முடிந்தது என்று விடைகொடுக்காமல், தேவைப்படும்போது மீண்டும் வரச் சொல்வது. காய்ச்சலுக்கு வந்தவர் குணமாகிப் போகிறார். அடுத்த ஆண்டு இருமலுக்கு வருகிறார். அவர் திரும்பி வந்ததை யாரும் முதல் சிகிச்சையின் தோல்வி என்று சொல்வதில்லை. திருமணம், பிள்ளைப்பேறு, வேலை இழப்பு, பெற்றோர் மறைவு என்று வாழ்க்கையின் திருப்பங்களில் நாலைந்து அமர்வுகள் வீதம் ஒருவர் இருபது ஆண்டுகளில் பலமுறை வரலாம். சில ஆண்டுகள் இவ்வாறு தாக்குப்பிடித்தவருக்கு, வாரத்துக்கு நான்கு புதியவர்களில் இருவராவது பழையவர்களாக இருப்பர். அவர்களுக்கு விவரக் குறிப்பு எடுக்கும் நேரமும் மிச்சம். ஆனால் அந்த முதல் சில ஆண்டுகளைத் தாண்டுவதுதான் கடினம். பகுதிநேர வேலை ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்குவோர் பலர் இருப்பதன் காரணம் இதுவே.

குறுங்காலச் சிகிச்சையை ஏற்கச் சிகிச்சையாளர்களே ஏன் தயங்குகிறார்கள் என்று 1985இல் மைக்கேல் ஹாய்ட் ஆராய்ந்தார். அவர் சொன்ன காரணங்களுள், வருவாய் தரும் நோயாளியை விட மனம் வராமையும் ஒன்று. துறைக்குள் இருந்தே ஒருவர் இதை வெளிப்படையாகச் சொன்னது பெரிய காரியம்.

அதே ஹாய்ட்டும் ராபர்ட் ரோசன்பாமும் மோஷே டால்மனும் கைசர் பெர்மனெண்டேயின் கலிபோர்னியா மருந்தகம் ஒன்றில் ஒற்றை அமர்வுச் சிகிச்சையை ஆராய்ந்தனர். ஒரே ஒருமுறை வந்து நின்றுவிட்ட தம் பழைய நோயாளிகள் 200 பேரை டால்மன் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அவர்களில் 78 விழுக்காட்டினர், நாடி வந்தது கிடைத்துவிட்டது என்றோ, சிக்கல் குறைந்தது என்றோ கூறினர். 1990இல் இது நூலாக வந்தது. டால்மன் வாங்கியது மாதச் சம்பளம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மணிக்கூலி வாங்குபவருக்கு இரண்டாம் முறை வராத நோயாளி ஓர் இழப்பு. தொலைபேசியை எடுத்து ஏன் வரவில்லை என்று கேட்கவும் கூச்சமாக இருக்கும். சம்பளக்காரருக்கு அது ஆராய்ச்சிப் பொருளாகத் தெரிந்தது. அதே ஆண்டு கனடாவின் கால்கரி நகரில், முன்பதிவின்றி வந்து ஓர் அமர்வு பேசிப் போகும் ஈஸ்ட்சைடு குடும்ப மையம் தொடங்கியது. வருவோரிடம் அது கட்டணம் வாங்கவில்லை.

டி ஷேசர் 2005 செப்டம்பரில் வியன்னாவில் காலமானார். பெர்க் 2007 ஜனவரியில் மில்வாக்கியில் மறைந்தார். இருவரும் தோளில் சுமந்து நடத்திய மையம் அந்த ஆண்டே மூடப்பட்டது.