அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தம்: மூலமும் உரையும்

மூலம்

முதற்பிரிவு: "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமக்கள் வாக்களிக்கும் உரிமையானது, இனம், நிறம், முன்னைய அடிமை நிலை என்பவற்றின் காரணமாக, ஐக்கிய நாடுகளாலோ எந்த மாநிலத்தாலோ மறுக்கப்படலாகாது, குறைக்கப்படலாகாது."

இரண்டாம் பிரிவு: "இதனைத் தக்க சட்டங்களால் நிறைவேற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு."

உரை

இத்திருத்தம் என் நுதலிற்றோ எனின், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் வாக்குரிமை நிறம் பற்றித் தடைப்படாது நிற்றலை உணர்த்துதல் நுதலிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்பின் அரசமைப்பில் சேர்ந்த மூன்று திருத்தங்களுள் இஃது இறுதியது. 1865-இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அடிமை முறையை ஒழித்தது. 1868-இன் பதினான்காவது, அந்நாட்டிற் பிறந்தாரைக் குடிமக்கள் எனவும் சட்டத்தின் காப்பு அவர்க்கெல்லாம் ஒத்தது எனவும் நிறுத்திற்று. பதினைந்தாவதாகிய இது 1869 பிப்ரவரி 26-இல் அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரசைக் கடந்து, 1870 பிப்ரவரி 3-இல் மாநிலங்களின் ஒப்புதல் நிறைவுற்றுச் சட்டமாயிற்று. முன்னைய இரண்டோடு இதற்கு இயைபு யாதெனின், தன்னை ஆள்வாரைத் தேர்தற்கு இயலாதவன் பெற்ற விடுதலையும் குடிமையும் பிறர் விரும்புங்காறும் நிற்பனவே ஆகலின், அவ்விரண்டையும் நிலைபெறச் செய்தற்கு இது மூன்றாவதாய் வந்தது.

சில சொல்லால் இயன்ற இதனைக் கற்பான் ஒரு சொல்லையும் விரைந்து கடத்தலாகாது. இதனை வெறுத்தார் இதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து அளந்து, அச்சொற்களுக்கு இடையே வழி தேடினர். காக்க விழைவார் அவரினும் நுணுகிக் கற்றல் கடன்.

"குடிமக்கள்" என்றது, பதினான்காம் திருத்தத்தால் குடிமை பெற்றாரையும் உளப்படுத்தி. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வழியினர் அந்நாட்டுக் குடிமக்கள் ஆகார் என உச்ச நீதிமன்றம் உரைத்திருந்தது. அத்தீர்ப்பு வீழ்ந்தமையை இச்சொல் உடன்கொண்டு நிற்கின்றது.

"வாக்களிக்கும் உரிமையானது" என்பதன்கண் ஓர் ஐயம் எழும். உரிமை தரப்படுகின்றது என விதியாது, முன்னரே உளதாகக் கொண்டு "மறுக்கப்படலாகாது" என விலக்கியது என்னை எனின், வாக்காளர்க்குரிய தகுதிகளை வகுத்தல் அந்நாளில் மாநிலங்களின் கையதாய் இருந்தது. அகவை, குடியிருப்புக் காலம் போல்வனவற்றை அவற்றின்பாலே விடுத்து, மூன்று காரணங்களை மட்டும் இத்திருத்தம் விலக்கிற்று. 1876-இல் ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்வாறே கொண்டு, இது வாக்குரிமையைத் தருவதன்று, வேற்றுமை பாராட்டுதலினின்று காப்பதே என்றது. அற்றேல் இது கொடுத்தது ஒன்றும் இன்றோ எனின், அன்று. வெள்ளையரே வாக்களிப்பர் என எழுதிவைத்த மாநிலச் சட்டங்களில் அச்சொல் இதனால் தானே அற்று வீழ்ந்தது. அவ்வழி இது கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை அளித்ததே ஆம் என 1884-இல் யார்பரோ வழக்கில் அதே மன்றம் தெளிந்துரைத்தது. ஆகவே ஈண்டு விலக்கே விதியாயிற்று என்க. திருத்தம் நடைமுறைக்கு வந்தமை அறிவிக்கப்பட்ட மறுநாள், 1870 மார்ச் 31-இல், நியூ ஜெர்சியின் பெர்த் அம்பாய் நகரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்பார் வாக்களித்தார். இத்திருத்தத்தின் வழி முதலில் வாக்களித்த கறுப்பினத்தார் அவரே என்ப.

"ஐக்கிய நாடுகளாலோ எந்த மாநிலத்தாலோ" என்றது, இவ்வினைக்கு உரிய வினைமுதல்களை. "எந்த" என்றமையான், தோற்ற தென்மாநிலங்களை மட்டும் அன்றி வடமாநிலங்களையும் இது கட்டும். ஒஹையோவும் கேன்சஸும் கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை நல்கும் முன்மொழிவை 1867-இல் பொதுவாக்கெடுப்பில் தள்ளியவை. போரில் வென்ற பக்கத்தையும் தன் ஆணைக்குட் கொணர்ந்தது இச்சொல்லின் நேர்மை.

ஈண்டும் ஒரு வழி தேடினர். மாநிலம் செய்தலன்றோ விலக்கப்பட்டது, தனியார் குழு செய்யின் என்னை எனக் கடாவினர். டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேரும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களித்தனர். அந்நாளில் அக்கட்சி வேட்பாளரே பொதுத்தேர்தலில் வெல்வர் ஆகலின், உண்மைத் தேர்தல் முதனிலையிலேயே முடிந்தது. பொதுத்தேர்தலில் கறுப்பினத்தான் இட்ட வாக்கு, முடிந்த வினைமேல் இட்டதாயிற்று. கட்சி தனியார் சங்கமே என 1935-இல் உச்ச நீதிமன்றம் இதனை உடன்பட்டது. ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்து, துர்குட் மார்ஷல் வாதாடிய ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில், 1944-இல் அத்தீர்ப்பை அம்மன்றம் தானே மாற்றிற்று. தேர்தல் என்னும் அரசுவினையில் ஓர் உறுப்பாய் நிற்கும் கட்சியின் செயல் மாநிலத்தின் செயலே என்பது அதன் துணிபு. பின்னும் அம்மாநிலத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டி என்னும் மாவட்டத்தில், ஜேபேர்ட் என்னும் சங்கம் முதனிலைக்கும் முன்னே வெள்ளையர்க்கு மட்டும் ஒரு தேர்தல் நடத்தி வந்தது. அதனையும் 1953-இல் மன்றம் விலக்கிற்று. வினைமுதலைப் பெயரால் அறியற்க, வினையால் அறிக என்பது இவ்விடத்துக் கொள்ளக் கிடந்த பொருள்.

"மறுக்கப்படலாகாது, குறைக்கப்படலாகாது" என்பது இத்திருத்தத்தின் உயிர்நிலை. மறுத்தல், வாக்களித்தற்கு இல்லை எனத் தள்ளுதல். குறைத்தல், வாக்கினை உளதாக விட்டு அதன் பயனைத் தேய்த்தலும், அதனை அடையும் வழியை அரிதாக்குதலும். மறுத்தலை விலக்கவே குறைத்தலும் விலக்குண்ணுமாகலின் இது கூறியது கூறல் ஆகாதோ எனின், ஆகாது. வெளிப்பட மறுத்தற்கு நாணுவாரும் அஞ்சுவாரும் குறைத்தலையே மேற்கொள்வர் என்பதனை முன்னுணர்ந்து இரண்டனையும் ஓதினமையின்.

அலபாமா மாநிலத்து டஸ்கீகி நகரம் சதுர வடிவினதாய் இருந்தது. அங்குக் கற்ற கறுப்பின வாக்காளர் பெருகி வருதல் கண்டு, 1957-இல் மாநிலச் சட்டமன்றம் நகரெல்லையை இருபத்தெட்டுப் பக்கம் உடைய கோணல் வடிவாய் மாற்றி வரைந்தது. கறுப்பின வாக்காளர் ஏறத்தாழ 400 பேருள் நால்வர் ஐவர் ஒழிய அனைவரும் எல்லைக்குப் புறத்தராயினர். வெள்ளை வாக்காளர் ஒருவரும் நீங்கவில்லை. வாக்களியற்க என எவரையும் எவரும் தடுத்திலர். சட்டத்தில் நிறம் என்னும் சொல்லும் இல்லை. எனினும், டஸ்கீகிக் கல்வி நிறுவனத்துச் சமூகவியற் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் முதலானோர் தொடுத்த வழக்கில், 1960-இல் உச்ச நீதிமன்றம் அவ்வரைவு இத்திருத்தத்திற்கு மாறாதல் கூடும் எனக் கண்டது. எல்லை வரையும் அதிகாரம் மாநிலத்தது ஆயினும், அவ்வதிகாரம் அரசமைப்பு காத்த உரிமையைச் சிதைக்கும் கருவியாகாது என்பது கருத்து.

வழியை அரிதாக்குதலுக்கு ஒக்லஹோமாவின் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுக. 1914-இல் வாக்களித்தவர் தாமே பதிவுற்றவராவர். ஏனையோர் பன்னிரண்டு நாள் எல்லைக்குள் பதிதல் வேண்டும். தவறின் வாழ்நாளெல்லாம் இழப்பர் என்றது அது. 1914-இல் வாக்களித்தவர் பெரும்பாலும் வெள்ளையரே. 1939-இல் இதனை வீழ்த்திய மன்றம், எளிய வஞ்சமே அன்றி நுண்ணிய வஞ்சமும் இத்திருத்தத்தால் விலக்குண்டது எனக் கூறிற்று. குறைத்தல் என்னும் சொற்கு இதனினும் நல்ல உரை இல்லை.

"இனம், நிறம், முன்னைய அடிமை நிலை" என மூன்றாக அடுக்கியது, ஒன்று விடின் அதன்வழிப் புகுவர் என்பது பற்றி. இனம் வழிவந்த பிறப்பு. நிறம் புறத்தே காணும் தோற்றம். கலந்த மரபினரை இனத்தால் ஒருவகையும் நிறத்தால் ஒருவகையும் கூறி விலக்குதற்கு இடம் இல்லையாயிற்று. முன்னைய அடிமை நிலையாவது, தான் உடையனாய் இருந்து நீங்கிய தளை. நிறத்திற்காக விலக்குகின்றிலம், அடிமையாய் இருந்தமைக்காக விலக்குகின்றோம் என்பாரை இது மறுத்தது. இத்திருத்தத்துள் இறந்தகாலத்தை நோக்கும் சொல் இஃது ஒன்றே.

அவ்விறந்தகாலத்தையே பின்னையோர் கருவியாகக் கொண்டனர். 1898-இல் லூசியானா, எழுத்தறிவுத் தேர்வோ சொத்துத் தகுதியோ வாக்காளர்க்கு விதித்து, 1867 ஜனவரி 1-ஆம் நாள் வாக்குரிமை உடையார்க்கும் அவர்தம் மகன் பேரர்க்கும் அவை வேண்டா என்றது. பாட்டனார் விதி என வழங்குவது இது. இனம், நிறம், அடிமை என்னும் சொல் ஒன்றும் அதன்கண் இல்லை. நாள் ஒன்றே உண்டு. அந்நாள் எதற்கெனின், தென்மாநிலக் கறுப்பினத்தார்க்கு வாக்கு வந்தது 1867 மார்ச்சில் இயன்ற மறுசீரமைப்புச் சட்டத்தால். அதற்கு முன் அவர்தம் பாட்டன் எவனும் வாக்களித்தான் அல்லன். 1896-இல் அம்மாநிலத்தில் பதிவுற்றிருந்த கறுப்பின வாக்காளர் 130,334, 1904-இல் 1,342. ஒக்லஹோமாவின் இத்தகைய விதியை 1915-இல் கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாய் வீழ்த்தியது. தீர்ப்பு வரைந்தவர், லூசியானாவிற் பிறந்து இளமையில் தென்மாநிலப் படையில் நின்ற தலைமை நீதிபதி எட்வர்ட் ஒயிட் என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

"காரணமாக" என்பது இத்திருத்தத்தை ஏய்த்தார் அனைவரும் பற்றிய சொல். வேறு காரணம் காட்டின் தப்பலாம் எனக் கொண்டனர். மிசிசிப்பி 1890-இல் புதிய மாநில அரசமைப்பு வகுத்து, இரண்டு டாலர் தலைவரி செலுத்துதலும், அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்தலோ படிக்கக் கேட்டுப் பொருள் கூறுதலோ செய்தலும் வேண்டும் என்றது. கூறிய பொருள் சரியா எனத் தீர்ப்பவர் பதிவு அலுவலர். 1898-இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுத்தை மட்டும் நோக்கி, அதில் வேற்றுமை இல்லை என விடுத்தது. அது பிழைபட்ட தீர்ப்பு. காரணம் என்பது வாய்ச்சொல்லில் இருப்பதன்று, செயலின் அடியில் இருப்பது. எழுதிய காரணத்தை உண்மைக் காரணமாகக் கொள்ளின் மூலத்தின் இச்சொல் வறிதே நிற்கும்.

அவ்விதி எவ்வாறு நடந்தது என்பதற்கு, 1962 ஆகஸ்ட் 31-இல் இண்டியனோலா நகரின் பதிவகத்திற்குச் சென்ற ஃபேனி லூ ஹேமர் என்பாரை அறிக. பருத்தித் தோட்டத்துத் தொழிலாளியாகிய அவரிடம், எழுத்தில் இன்றி நடைமுறையால் நிற்கும் சட்டங்கள் பற்றிய பகுதியைக் கொடுத்துப் பொருள் உரைக்கப் பணித்தனர். இயலாது மீண்டார். பதினெட்டு ஆண்டு உழைத்த தோட்டத்தினின்று அன்றிரவே நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா நகரச் சிறையில் அடியுண்டார். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் நகரில் ஜனநாயகக் கட்சியின் தகுதிச்சான்றுக் குழுமுன் இவற்றை அவரே உரைத்தார். நாடு முழுதும் தொலைக்காட்சியில் கேட்டது.

இனி, மூலத்துள் இல்லாதன சில உள. மேலவையில் ஹென்றி வில்சன் முன்மொழிந்த வடிவம், பிறந்த நாடு, சொத்து, கல்வி, சமயம் பற்றிய விலக்கையும் தடுத்தது. இரு அவைகளும் ஒத்துப்போகும் பொருட்டு அவை களையப்பட்டன. களையப்பட்டவற்றுள் சொத்தும் கல்வியுமே பின்னர்த் தலைவரியாகவும் எழுத்தறிவுத் தேர்வாகவும் திரும்பி வந்தன. பால் என்பதும் இல்லை. அது பற்றிப் பெண்டிர் வாக்குரிமைக்குப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் ஆந்தனியும் இத்திருத்தத்தை எதிர்த்தனர். கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் தம் இனத்தாரின் உயிர்க்கேட்டைக் காட்டி உடன்பட்டார். பெண்டிர்க்கு அக்காப்பு 1920-இல் பத்தொன்பதாம் திருத்தத்தால் வந்தது.

இரண்டாம் பிரிவில், "நிறைவேற்றும்" என்றமையால், முதற்பிரிவின் விலக்கு தானே நடவாது, நடத்துவார் வேண்டும் என்பது பெற்றாம். "அதிகாரம்" செய்தற்கு உரிமை. "தக்க" நோய்க்கு ஏற்ற அளவின. காங்கிரஸ் 1870, 1871 ஆண்டுகளில் இவ்வதிகாரத்தை ஆண்டது. பின் கைவிட்டு, அச்சட்டங்களிற் பலவற்றை 1894-இல் நீக்கியும் விட்டது. 1957 முதலாக மீண்டும் தொட்டபோது, ஊர் ஊராக வழக்குத் தொடுத்தலையே வழியாகக் கொண்டது. அதன் பயன் சிறிது. அலபாமாவின் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் அகவையுற்ற கறுப்பினத்தார் ஏறத்தாழ 15,000. நான்கு ஆண்டு வழக்காடியபின் பதிவுற்றோர் 156-இலிருந்து 383 ஆயினர்.

அக்கவுண்டியின் தலைநகர் செல்மா. 1965 மார்ச் 7-இல் ஏறத்தாழ 600 பேர் அங்கிருந்து மாநிலத் தலைநகர் மாண்ட்காமரி நோக்கி நடந்தனர். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் அப்பால் மாநிலக் காவலர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அவரைத் தாக்கினர். முன் நடந்த ஜான் லூயிஸின் மண்டையோடு பிளந்தது. எட்டு நாள் கழித்து அதிபர் லிண்டன் ஜான்சன் காங்கிரசின்முன் நின்று சட்டம் கேட்டார். ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையொப்பம் பெற்றது. நெடுங்காலம் வலியிழந்து கிடந்த "அதிகாரம்" என்னும் சொல்லை எழுப்பியவர் நடந்து சென்ற இம்மக்களே.

இச்சட்டம் "தக்க" என்னும் அடைக்கு முற்றும் பொருந்தியது. எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்திற்று. நடுவண் அரசின் பதிவாளரை அனுப்பிற்று. தீங்கு மிக்க இடங்கள் தம் தேர்தல் விதியை மாற்றுமுன் ஒப்புதல் பெறல் வேண்டும் என்றது. முன்னர்த் தீங்குற்றவன் மெய்ப்பித்தல் வேண்டிற்று. இனிச் செய்வான் தன் செயல் தீதின்மையை முன்னரே மெய்ப்பித்தல் வேண்டும் எனச் சுமையை மாற்றி வைத்ததே இதன் சிறப்பு. மிசிசிப்பியில் பதிவுற்ற கறுப்பினத்தார் நூற்றுக்கு 6.7 ஆக இருந்தது, 1967-இல் 59.8 ஆயிற்று. 1966-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை இரண்டாம் பிரிவின்கண் அடங்கும் என உறுதிசெய்தது.

2013 ஜூன் 25-இல், ஷெல்பி கவுண்டி வழக்கில், அதே மன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் பிரிவால், முன்னொப்புதலுக்கு உரிய இடங்களை வரையறுக்கும் கணிப்புமுறை பழையது எனக் கூறி நீக்கிற்று. முன்னொப்புதல் விதி ஏட்டில் உளது. அது செல்லும் இடமே இல்லை. புதிய கணிப்புமுறை வகுக்கும் அதிகாரம் காங்கிரசினின்றும் பறிபோகவில்லை என்பது அத்தீர்ப்பிலேயே உண்டு. ஜான் லூயிஸின் பெயரால் அமைந்த அத்தகைய முன்வரைவு 2021 ஆகஸ்ட் 24-இல் கீழவையில் 219-க்கு 212 என நிறைவேறியது. மேலவையில் நிறைவேறவில்லை.