கெடாவில் கடிகாரமும் பால்மரமும்

சுங்கைப்பட்டாணியில் கதிரவன் உச்சிக்கு வரும் வேளைக்கு ஒரே தலைமுறை மூன்று மணிகளைக் கண்டது. 1941 செப்டம்பரில் மலாயாவின் பொதுநேரம் கிரீனிச்சுக்கு ஏழரை மணி முந்தியதாக வகுக்கப்பட்டது; உச்சிவேளை ஏறக்குறைய 12.48. மறு ஆண்டே ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தினர்; அதே உச்சிவேளை 2.18 ஆயிற்று. கதிரவன் எழவே எட்டு மணிக்கு மேலாகும்! போர் முடிந்ததும் ஏழரை மணிக் கணக்கு மீண்டது. பின்னர், சபா சரவாக்குடன் நேரம் ஒன்றுபட வேண்டி, 1981 டிசம்பர் 31 இரவு 11.30ஐ நள்ளிரவாக்கினர்.

இரயிலுக்கும் அஞ்சலகத்துக்கும் எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருந்தால் போதும். பால்மரமோ அவ்வாறன்று. விடியற்குளிரில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயிலேறினால் ஒழுக்குக் குறையும். தொழிலாளர் இருளிலேயே பிரட்டுக்குக் கூடியது இதனாலேயே. ஆகவே கடிகாரத்தை முன்தள்ளும்போது பிரட்டு மணியையும் தள்ளவேண்டும். தள்ளாவிடில், 1982இல் பழைய மணிக்கே எழுந்தவர் உண்மையில் அரைமணி முன்னரே எழுந்தவராவார்.